“வீட்ட கொண்டு போங்க” என்று துண்டு கொடுத்த பிறகு: வீடா, ஹொஸ்பிஸ் கட்டிலா?

வாவிக்கரையான்:
புற்றுநோய் முற்றிய ஆளை “இனி ஒன்றும் செய்ய ஏலாது, வீட்ட கொண்டு போங்க” என்று அனுப்புகிறார்கள். கிளினிக் கொப்பியில் இரண்டு வரி, இரண்டு கிழமைக்குக் குளிசை. அவர் மட்டக்களப்பில் தூரத்து ஊரான வெல்லாவெளியிலோ வாகரையிலோ இருந்தால் நடுச்சாமத்தில் வலி எழும்பும்போது ஆரைக் கூப்பிடுவது? வீட்டுப் பராமரிப்பு என்பது நம்ம பக்கத்துக்குச் சரிவராத பேச்சு. கடைசிக் காலத்தவரைப் பராமரிக்கிற, தாதி 24 மணித்தியாலமும் நிற்கிற ஹொஸ்பிஸ் நிலையத்துக் கட்டில்தான் வேண்டும்.

ஆரையம்பதி அக்கா:
தம்பி, கேள்வி சரி, முடிவு பிழை. நடுச்சாமத்தில் வலி எழும்புவது பெரும்பாலும் மருந்து எழுதிய விதத்தால். “வலித்தால் போடவும்” என்று எழுதினால் வலி ஏறிய பிறகுதான் வீட்டார் குளிசையைத் தேடுவார்கள். அது பிடிக்க அரை மணித்தியாலமாவது போகும். மோர்பின் என்கிற கடும் வலி மருந்தின் சாதாரணக் குளிசையை (மெதுவாகக் கரைகிறதை அல்ல) 4 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு வழமையாக 5 மில்லிகிராம். வயது போனவருக்கும் மெலிந்தவருக்கும் 2.5. சிறுநீரகம் பழுதென்றால் அளவைக் குறைத்து இடைவெளியைக் கூட்டுவார்கள். இடையில் வலி துளைத்தால் அதே ஒரு வேளை அளவை மேலதிகமாகக் கொடுத்துக் கொப்பியில் நேரத்தோடு குறிக்க வேண்டும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வைத்தியர் அடுத்த அளவைப் போடுவார். படுக்கும்போது இரட்டை அளவு எழுதிக் கொடுத்தால் நடுச்சாம வேளையை விட்டுவிடலாம், வீட்டாரும் நித்திரை கொள்வார்கள்.

மோர்பினோடு மலமிளக்கி எழுதாத துண்டைக் கண்டால் திருப்பிக் கேளுங்கள். குமட்டல் ஒரு கிழமையில் அடங்கும், மலச்சிக்கல் அடங்காது. நாலைந்து நாள் இறுகிய மலத்தைச் சுற்றித் தண்ணீராகக் கசியும். வீட்டார் அதை வயிற்றோட்டம் என்று நினைத்து அதற்குரிய குளிசையைக் கொடுக்க, இன்னும் இறுகும். வந்து பார்க்கிற தாதி வயிற்றைத் தொட்டு, தேவையென்றால் குதத்தில் விரலிட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வாவிக்கரையான்:
சரி அக்கா, விழுங்க ஏலாமல் போனால்? இங்கே ஆண்களில் வெற்றிலை, புகையிலையால் வருகிற வாய்ப் புற்றுநோய்தான் கூட. வாயே திறக்காதவருக்கு மணி பார்த்து என்ன பயன்? ஊசி என்றால் ஆஸ்பத்திரிதானே?

ஆரையம்பதி அக்கா:
நாளம் தேட வேண்டிய ஊசி இல்லை அது. மேற்கையிலோ நெஞ்சின் மேற்பகுதியிலோ தோலுக்குக் கீழே சின்ன பட்டர்ஃபிளை ஊசியை வைத்து ஒட்டிவிட்டால், சிவக்காமல் வீங்காமல் இருந்தால், பல நாள் அதிலேயே மருந்து கொடுக்கலாம். வாயால் கொடுத்ததில் பாதிதான் கணக்கு: ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் குளிசை என்றால் தோலுக்கடியில் 15. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் வளர்ந்ததே, வீட்டாரையும் ஊர்த் தொண்டர்களையும் பழக்கி, தாதி வீடு வீடாகப் போனதால்தான். கேரளத்துக்கு ஏலும் என்றால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற நம்ம படுவான்கரைக்கு ஏன் ஏலாது?

வாய்ப் புண் நாறுகிறது என்று ஆளைக் கொட்டிலில் ஒதுக்கிவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பெரிய வேதனை. மெட்ரோனிடசோல் குளிசையை மாவாக இடித்து, உப்புத் தண்ணீரால் கழுவிய புண்ணில் தூவிக் கட்டினால் இரண்டு மூன்று நாளில் நாற்றம் குறையும். பேரப்பிள்ளை மறுபடி கட்டிலடியில் வந்து இருக்கும்.

மருதமுனை நானா:
ரெண்டு பேரும் குளிசையிலேயே நிற்கிறீங்க. வீட்டில வைச்சா சேலைன் ஏத்த ஆளில்லை. சாப்பாடும் தண்ணியும் இல்லாம வாப்பாவை மௌத்தாக விட்டாங்க என்று குடும்பமே ஒரு பிள்ளையைக் குறை சொல்லும். அந்தப் பிள்ளைக்கு வீட்டுக்கு வந்து பார்க்கிற உங்க பராமரிப்புக் குழு என்ன சொல்லும்?

ஆரையம்பதி அக்கா:
நானா, அதைச் சொல்லத்தான் குழு வேணும். கடைசி நாட்களில் பசி தானாக அடங்குகிறது. சாப்பிடாததால் உயிர் போகவில்லை, உயிர் போகப் போவதால் சாப்பாடு நிற்கிறது. அப்போது சேலைனை ஏற்றினால் கால் வீங்கும், நெஞ்சில் நீர் கோக்கும். செய்ய வேண்டியது வாய்ப் பராமரிப்பு: ஆறவைத்த அரை லீற்றர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி அப்பச் சோடா. துணியை நனைத்துப் பிழிந்து 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கா நாக்கையும் முரசையும் துடையுங்கள், உதட்டுக்கு வாஸ்லின். பால் பருக்குவதும் ஸம்ஸம் தண்ணீர் கொடுப்பதும் நடக்கட்டும், ஆனால் கரண்டியால் ஊற்றாமல் பஞ்சால் உதட்டை நனையுங்கள். நினைவில்லாதவருக்கு ஊற்றினால் நேரே சுவாசப்பைக்குப் போய்விடும்.

தொண்டையில் கரகரப்பு வந்தால் வலப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். கிப்லாவைப் பார்க்கக் கிடத்துகிற முறையும் அதுதானே. உறிஞ்சு குழாய் போட்டால் ஆளுக்குத்தான் உபத்திரவம்.

மருதமுனை நானா:
இதை ஆஸ்பத்திரியில வைச்சே ஒருத்தர் இருந்து விளங்கப்படுத்தியிருந்தா பாதிச் சண்டை வராது. நோயாளியிட்ட உண்மையை மறைக்கிறதும் இப்படித்தான். “அவருக்குச் சொல்லாதீங்க” என்று மகன் சொல்லுவார், அவருக்கு எப்பவோ தெரியும். காணி எழுத, கடன் சொல்ல, மன்னிப்புக் கேக்க நேரம் போயிரும்.

வாவிக்கரையான்:
மருந்து விசயத்தில் அக்கா சொல்வதை ஏற்கிறேன். இரண்டு இடத்தில் ஏற்க மாட்டேன். ஒன்று, கழுத்துப் புற்று பெரிய நாளத்தை அரித்து இரத்தம் பீறிடுவது. ஆயத்தமில்லாத வீட்டில் அந்தக் காட்சியைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது ஆயுளுக்கும் போகாது. மற்றது, பெண்சாதி இல்லை, மகள் குவைத்தில், ஆள் தனியே. நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா குளிசை கொடுப்பது ஆர்?

ஆரையம்பதி அக்கா:
அந்த இரண்டாவது ஆளுக்குக் கட்டில் வேண்டும், மறுப்பில்லை. இரவில் பிதற்றி அடங்காதவருக்கும் வேண்டும். ஆனால் முதலில் மூத்திரம் தேங்கியிருக்கிறதா என்று அடிவயிற்றைப் பாருங்கள், பல பிதற்றல் கதீற்றர் (மூத்திரக் குழாய்) போட்டதும் அடங்கும். இரத்தம் வரக்கூடியவரின் வீட்டில் கருஞ்சிவப்புத் துவாய் நாலைந்து கட்டிலுக்கடியில் இருக்க வேண்டும். வெள்ளைத் துணியில் ஒரு கோப்பை இரத்தம் ஒரு வாளியாகத் தெரியும். என்ன நடக்கும், ஆர் பக்கத்தில் இருந்து கையைப் பிடிப்பது, ஆர் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவது என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். அதைத் தாங்க மாட்டோம் என்கிற குடும்பத்தை வற்புறுத்தக் கூடாது.

வாவிக்கரையான்:
அப்படியென்றால் துண்டில் இதெல்லாம் இருக்க வேண்டும்: நோயின் பெயரும் நிலையும், வேளை அளவு, மேலதிக அளவு, மலமிளக்கி, விழுங்க ஏலாமல் போனால் என்ன செய்வது, இரவில் எடுக்கிற தொலைபேசி இலக்கம் ஒன்று. வீட்டில் இறந்தால் கிராம சேவகரிடம் காட்டவும் அந்தத் துண்டுதான் உதவும். இந்த ஆறும் இல்லாமல் ஒருவரை வாட்டிலிருந்து இறக்கினால், நான் கட்டில் பக்கம்தான்.

ஆரையம்பதி அக்கா:
ஏழாவதாக ஒன்று சேருங்க தம்பி. ஆள் போன பிறகு, 31ஆம் நாள் சடங்கு முடிந்த கிழமையில், குழுவில் ஒருவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். மிஞ்சிய மோர்பினை எண்ணித் திருப்பி எடுக்கவும், இரவிரவாக முழித்திருந்த அந்த மகளோ மருமகளோ இப்போது நித்திரை கொள்கிறாளா, சாப்பிடுகிறாளா என்று கேட்கவும்.