பழைய சிமெண்ட் தளத்துக்குப் பதிலாக பேவர் பிளாக் போட்டவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மேடவாக்கம்வாசி
எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. கேட்டிலிருந்து போர்டிகோ வரை 22 வருடப் பழைய சிமெண்ட் தளம். வேப்பமர வேர் தூக்கி நடுவில் வெடித்துவிட்டது. அப்பா இரண்டு தடவை தடுக்கி விழுந்தார். ஜூலையில் பேவர், அதாவது ஒன்றோடொன்று கோத்துப் பதிக்கிற கான்கிரீட் கல், போட்டோம். பழைய தளத்தை உடைக்க வேண்டாம், மேலேயே எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) கொட்டிப் பதித்துவிடலாம், உடைக்கிற கூலி மிச்சம் என்றார் மேஸ்திரி. சரி என்றோம். மணல் 40 மி.மீ., கல் 60 மி.மீ., மொத்தம் 4 அங்குலம். போர்டிகோ படியின் உயரமும் அதே 4 அங்குலம்தான். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

நவம்பர் மழையில் ராத்திரி 2 மணிக்கு அம்மா எழுப்பினார். டார்ச் அடித்தால், அப்பாவின் ரப்பர் செருப்பு ஒன்று ஹாலுக்குள் மிதந்து வருகிறது, மெதுவாகச் சுற்றிக்கொண்டே. அது கண்ணிலேயே நிற்கிறது.

கோவைக்காரன்
மேஸ்திரியை மட்டும் சொல்லிப் பயனில்லை. படி எவ்வளவு உயரம் என்று டேப் வைத்துப் பார்த்திருக்க வேண்டியது நீங்கள்தான்.

எங்கள் கதை வேறு. சம்ப்பை நிரப்ப வந்த 6,000 லிட்டர் லாரி ரிவர்ஸில் உள்ளே ஏறியது. மளக் மளக்கென்று சத்தம். பின்சக்கரம் போன வழியில் இரண்டு வாய்க்கால், ஓரத்துக் கற்கள் பல் மாதிரி நிமிர்ந்து நின்றன. அடியில் வெறும் செம்மண்.

இனி போடுகிறவர்கள் கேளுங்கள். பழைய தளத்தை முழுக்க எடுங்கள். வீட்டு வாசலிலிருந்து கீழ்நோக்கி அளந்து தோண்டுங்கள், தெருவிலிருந்து மேல்நோக்கி அல்ல. ஜல்லியும் வெட்மிக்ஸும் (ஜல்லி, கல்தூள், தண்ணீர் கலந்த கலவை) அடுக்கடுக்காகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் தண்ணீர் தெளித்து வைப்ரேட்டர் (அதிர்ந்து அழுத்தி இறுக்குகிற மெஷின்) ஓட்டுங்கள். பள்ளத்தை மணலால் நிரப்பி மட்டம் பண்ணினால் அந்த இடம்தான் முதலில் இறங்கும். சரிவு 10 அடிக்கு 2.5 அங்குலம், தெருப்பக்கமாக. இரண்டு ஓரமும் கெர்ப் கல்லை (கரைபோல நிற்கிற ஓரக்கல்) கான்கிரீட்டில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கற்கள் மெல்ல வெளியே நகரும். வீட்டுக் காருக்கு 60 மி.மீ., எம்-35 தரம் (கான்கிரீட்டின் வலிமை அளவு) போதும். லாரி வரும் என்றால் 80. பதித்த பிறகு பொடி மணலைப் பெருக்கி இடுக்கில் இறக்கி, மறுபடி வைப்ரேட்டர். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை மணல். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

வாசல்கோலம்
கோவைக்காரரே, படி உயரத்தைப் பார்க்கணும் என்று தெரிந்திருந்தால் அவர் பார்த்திருக்க மாட்டாரா? தினமும் அதே வேலை பார்க்கிறவர் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் தண்ணீர் வரவில்லை, கல் இறங்கவில்லை. வேலை முடிந்த மறுநாள் விடியற்காலை அத்தை கோலமாவு டப்பாவோடு வாசலுக்குப் போனார். ஜிக்ஜாக் கல். இழுக்கிற கம்பி ஒவ்வொரு இடுக்கிலும் விழுந்து அறுந்தது. மூன்று தடவை அழித்துப் போட்டார். அப்புறம் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். 40 வருடமாக அந்த வாசலில் கோலம் போடுகிறவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேட்டுக்கு நேரே 4 அடிக்கு 4 அடி கற்களை எடுத்துவிட்டு கடப்பா கல் பதித்துக் கொடுத்தோம்.

இடுக்கில் சிமெண்ட் பால் ஊற்றச் சொல்வார்கள், ஊற்றாதீர்கள். மழைத்தண்ணீர் இறங்க வழியில்லாமல் போகும், பின்னால் கல்லை முழுசாகப் பெயர்க்கவும் முடியாது. எறும்பு மண் தள்ளும், அருகம்புல் முளைக்கும். பெருக்கினால் போயிற்று.

ஹாரோ தமிழன்
லண்டனில் இருக்கிறேன். மேடவாக்கம் அண்ணா, உங்களுக்கு நடந்தது இங்கேயும் நடக்கும். சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கிற வரிசைக்கு 150 மி.மீ. கீழேதான் தளம் நிற்க வேண்டும். எங்கட ஒழுங்கையில் ஒரு வீட்டில் அதை மூடிப் போட்டு, உள்சுவர் இடுப்பளவுக்குப் பூஞ்சணம். வீட்டு முன்பக்கத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட்டு, அந்தத் தண்ணீரைப் புல்தரைப் பக்கமும் விடாவிட்டால், 2008 அக்டோபரிலிருந்து கவுன்சில் அனுமதி வேண்டும்.

மேடவாக்கம்வாசி
நல்ல வேளை, நாங்கள் சிமெண்ட் பால் ஊற்றவில்லை. தை பிறந்ததும் கற்களை எடுத்து மதிலோரம் அடுக்கிவிட்டு, பழைய தளத்தை உடைக்கப் போகிறோம். இந்தத் தடவை நூல் கட்டும்போது நானே டேப்போடு நிற்பேன். வேப்பமர வேரை வெட்டாமல் சுற்றி எவ்வளவு இடம் விடலாம்? யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.