மரப்பாச்சி ராணிக்குப் பட்டுப்பாவாடை: இடுப்பு உப்புகிறது, ரவிக்கை ஏறவில்லை, வேட்டியில் சிவப்புக் கறை. உதவுங்கள்

கொலுப்படி:

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு ஜோடி மரப்பாச்சி இருக்கிறது, ராஜாவும் ராணியும். பாட்டியின் கல்யாணத்தில் சீரோடு வந்தவர்கள். ஒவ்வொரு நவராத்திரிக்கும் பாட்டிதான் புதுத்துணி தைத்து உடுத்திக் கலசத்துக்குப் பக்கத்தில் வைப்பார். இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது, ஊசிக் காது தெரிவதில்லை. "இந்த வருஷம் நீ தைச்சுப் போடு" என்று தன் கூறைப்புடவையில் கிழியாமல் மிச்சமிருந்த ஒரு துண்டை என் கையில் கொடுத்துவிட்டார். அரக்கு நிறம், ஒரு பக்கம் ஜரிகைக் கரை. அறுபது வருடத்துக்கு மேலான பட்டு. கொலுவுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

எனக்குச் சுடிதார் நானே தைத்துக்கொள்வேன். அதனால் அளவைக் குறைத்தால் போதும் என்று நினைத்தேன். பாட்டியின் துண்டைத் தொடாமல் வேறு பழைய பட்டில் மூன்று முறை தைத்துப் பார்த்தேன், மூன்றும் சரியாக வரவில்லை.

ராணியின் இடுப்பு 13 செ.மீ. நிறையச் சுருக்கம் வேண்டுமென்று 90 செ.மீ. அகலத் துணியைச் சுருக்கினேன். இடுப்பைச் சுற்றி டயர் கட்டியதுபோல் நிற்கிறது. ரவிக்கையை மாட்டவே முடியவில்லை, கை உடம்போடு ஒட்டியே செதுக்கப்பட்டிருக்கிறது. வெட்டிய ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிகிறது. சின்னத் துண்டை மிஷினில் வைத்தால் ஊசித் துளைக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சிக்குகிறது. கடைசியாக, ராஜாவுக்குக் கட்டிப் பார்த்த வெள்ளை வேட்டியில் திட்டுத் திட்டாகச் சிவப்புக் கறை. எதில் ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

வெள்ளைத்தாவணி:

நான் என் மகளின் பார்பிக்குத் தைப்பேன். பார்பி 29 செ.மீ., மனித அளவில் ஆறில் ஒரு பங்கு. அந்த அளவுத்தாள்கள் நிறையக் கிடைக்கும், அனுப்பட்டுமா? ஓரம் பிரிவதற்கு ஊதுபத்தி நெருப்பை லேசாகக் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

ஊசிநூல்:

தயவுசெய்து பட்டில் நெருப்பு காட்டாதீர்கள்! உருகி ஒட்டுவது பாலியஸ்டர், நைலான் துணிகள்தான். பட்டு உருகாது, கருகும். சந்தேகமாக இருந்தால் ஒரே ஓர் இழையை உருவித் தனியாகக் கொளுத்திப் பாருங்கள். முடி பொசுங்கும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடியானால் பட்டு. சொட்டாக உருகிக் கெட்டியான மணிபோல் நின்றால் செயற்கை இழை. வெள்ளைத்தாவணி தைப்பது அநேகமாக சாட்டின் துணியாக இருக்கும், அதற்கு அவர் சொன்னது சரிதான்.

பார்பி அளவும் பொருந்தாது. பார்பிக்கு இடுப்பு ஒல்லி, கை கால் அசையும். மரப்பாச்சி கட்டையான உடம்பு, எதுவும் அசையாது, இரண்டு பொம்மைகள் ஒரே அளவில் இருப்பதும் அரிது. உங்கள் ராணிக்கு அவள் உடம்பிலிருந்தேதான் அளவு எடுக்க வேண்டும். சமையலறையில் பாத்திரம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை அவள்மேல் இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் காகித டேப் ஒட்டி, கழுத்து, இடுப்பு, முழங்கை எங்கே வருகிறது என்று பேனாவால் கோடு போடுங்கள். முதுகில் வெட்டிக் கழற்றி விரித்தால் அதுவே அளவுத்தாள். தையலுக்கு விடும் ஓரம் 4 மி.மீ. போதும். நமக்கு விடுவதுபோல் ஒன்றரை செ.மீ. விட்டால் உள்ளே அதுவே ஒரு திண்டாகிவிடும்.

இரண்டு கேள்வி. ராணியின் முழங்கையில் இடைவெளி இருக்கிறதா, இல்லை மணிக்கட்டுவரை ஒட்டியிருக்கிறதா? பொம்மைகளை எதனால் துடைத்தீர்கள்?

கொலுப்படி:

மேல்கை முழுக்க உடம்போடு ஒட்டியிருக்கிறது அக்கா. முழங்கைக்குக் கீழே மடங்கி முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது, அங்கே மட்டும் இடைவெளி உண்டு. துடைத்தது சானிடைசரால். பரணில் ஒரு வருடம் இருந்த தூசி போகட்டுமே என்று நன்றாகத் தேய்த்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாட்டியின் துண்டில் ஒரே ஒரு மூலையில் ஓரம் பிரியாமல் இருக்க நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவிவிட்டேன். அந்த இடம் கறுத்து, அட்டைபோல் விறைத்துவிட்டது. அதிலிருந்து அந்தத் துண்டைத் தொடவே பயமாக இருக்கிறது.

ஊசிநூல்:

கறைக்குக் காரணம் சானிடைசர்தான். மரப்பாச்சியை வழக்கமாகச் செம்மரத்தில்தான் செதுக்குவார்கள். அந்த மரத்தின் சிவப்புக்கு சாந்தலின் என்ற சாயப்பொருள் காரணம். அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். சானிடைசரில் பெரும்பகுதி ஆல்கஹால். ஈரம் காய்வதற்குள் வேட்டி கட்டியதால் சாயம் துணிக்கு இறங்கிவிட்டது.

அதே காரணம்தான் வழியும் காட்டுகிறது. வேட்டிக்கு அடியில் பஞ்சை வைத்து, பின்பக்கத்திலிருந்து நிறமில்லாத சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டு எடுங்கள். பஞ்சை மாற்றிக்கொண்டே இருங்கள், தேய்க்க வேண்டாம். முதலிலேயே சோப்புப் போட்டால் அந்தக் காரத்தில் சாயம் நிறம் மாறிப் பரவலாம். அடுப்புப் பக்கத்தில் ஸ்பிரிட்டைத் திறக்காதீர்கள். முழுக்கப் போகாவிட்டாலும் வருத்தப்படாதீர்கள், புது வேட்டிக்கு ஒரு சாண் மல் துணி போதும்.

இனி பொம்மையை உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். சிலர் தேங்காய் எண்ணெய் பூசிப் பளபளப்பாக்குவார்கள். பூசினால் இரண்டு நாள் பழைய துணியில் சுற்றி வைத்து, எண்ணெய் ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகு உடுத்துங்கள். எதற்கும் ராணிக்குள் ஒரு பருத்தி உள்பாவாடை இருக்கட்டும். பட்டு நேராக மரத்தில் படக்கூடாது.

டெல்லியில் ஷங்கர் பொம்மை அருங்காட்சியகம் இருக்கிறது, கார்ட்டூனிஸ்ட் ஷங்கர் 1965இல் தொடங்கியது. அங்கே நம் ஊர் உடைகளைப் போட்ட பொம்மைகளின் முன்னால் நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். உடை மனித உடைபோலவே தெரிய வேண்டுமானால் துணி நம்முடையதைவிட மெல்லியதாக இருக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அங்கேதான். பொம்மையைச் சின்னதாகச் செய்யலாம், பட்டு இழையின் கனம் சின்னதாகாதே.

கால்மிஷின்:

நாற்பது வருடம் ஜாக்கெட் தைத்தவன். கொலு சமயத்தில் பொம்மைத் துணியும் நிறையத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அம்மா, முதலில் மிஷினைப் பார்ப்போம். ஊசி எத்தனாம் நம்பர்? 16 போட்டிருந்தால் எடுத்துவிடு. பழைய பட்டுக்கு 11, கிடைத்தால் 9. தையல் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு. துணிக்கு அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தை, தைத்த பிறகு கிழித்து எடுத்துவிடலாம். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். நேராகப் பொம்மைத் துணியில் ஊசியை இறக்காதே. ஒரு வேண்டாத துண்டில் நாலு தையல் ஓட்டி, நிறுத்தாமல் அதிலிருந்து நல்ல துணிக்குப் போ. இரண்டு நூல் நுனியையும் பின்னால் பிடித்துக்கொள். வளைவு வரும் இடத்தில் காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்று.

ஜிக்ஜாக் மிஷினாக இருந்தால் ஊசித் தட்டில் துளை அகலமாக இருக்கும், அதனால்தான் துணி உள்ளே போகிறது. பழைய கறுப்புக் கால் மிஷினில் ஒற்றைத் துளை, அதில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் என்னைக் கேட்டால், பாட்டி கொடுத்த துண்டை மிஷினில் வைக்கவே வேண்டாம். கையால் தை. அறுபது வருடப் பட்டில் ஜரிகை ஓரமாகத்தான் முதலில் கிழிசல் விடும். மிஷின் இழுக்கிற இழுப்பை அது தாங்காது.

இடுப்பு. 13 செ.மீ. இடுப்புக்கு 90 செ.மீ. துணி என்றால் ஏழு மடங்கு. அவ்வளவு பட்டும் அந்தச் சின்ன இடுப்பில் எங்கே போகும்? மூன்று மடங்கு போதும், 39 செ.மீ. அதையும் சுருக்காதே, ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி மடிப்பு வை. ஒரு செ.மீ. தெரிய, இரண்டு செ.மீ. உள்ளே போக, பதின்மூன்று மடிப்பு. அப்போது எந்த இடத்திலும் மூன்று அடுக்குதான், படிந்து நிற்கும். மேலே பட்டையை மடித்துத் தைக்காதே. மடிப்பின் பிசிறு ஓரத்தின்மேல் ஒரு மெல்லிய ரிப்பனை வைத்துத் தை, அதுவே இடுப்புப் பட்டை, அதன் நீட்டமே கட்டுகிற நாடா. இரண்டு முனையும் முதுகில் சந்திக்க ஒரு மடிப்பை மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொள்.

கொலுப்படி:

ஐயா, ஊசி 16தான்! மிஷின் வாங்கிய நாளிலிருந்து மாற்றியதே இல்லை.

மடிப்பு முறையைப் பழைய பட்டில் செய்து பார்த்தேன், இடுப்பு அப்படியே படிந்துவிட்டது. ஆனால் பாட்டியின் துண்டில் கரை மட்டும் 8 செ.மீ. இருக்கிறது. ராணியின் இடுப்பிலிருந்து பாதம்வரை 13 செ.மீ.தான். பாவாடையில் பாதிக்கு மேல் கரையாகவே தெரியும். கரையை நடுவில் வெட்டி ஒரு வரிசைக் கோபுரம் மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

கால்மிஷின்:

வெட்டாதே அம்மா. வெட்டின கூறைப்புடவையைத் திரும்பச் சேர்க்க முடியாது. கரையில் 3 செ.மீ. வெளியே தெரியட்டும், மிச்சம் 5 செ.மீ.ஐ அப்படியே உள்பக்கம் மடித்துவிடு. இடுப்பில் கனம் ஆகாது, அடியில்தானே. அந்த ஜரிகைக் கனத்தில் பாவாடை தொங்கி அழகாக நிற்கும். உள்ளே நூலோட்டம் மட்டும் போடு, இறுக்கிப் பின்தையல் போடாதே. நாளைக்கு யாராவது பிரித்து வேறு ஒன்று தைக்க நினைத்தால் துணி முழுசாகக் கிடைக்க வேண்டும். அகலம் கூடுதலாக இருந்தாலும் அப்படித்தான், உள் மடிப்பை ஆழமாக்கிக்கொள்.

ஊசிநூல்:

இதை நானும் வழிமொழிகிறேன். அயர்ன் செய்தால் ஒட்டுகிற கேன்வாஸ் வைத்தால் பிரியாது என்று யாராவது சொல்வார்கள், அதை உங்கள் பழக்கத் துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் துண்டில் பசை ஏறினால் பிறகு எடுக்க முடியாது. அதற்குப் பின்னால் மெல்லிய மல் துணி ஒன்றைக் கொடுத்து, ஓரங்களைச் சேர்த்து நூலோட்டம் போடுங்கள். இழுவிசையை மல் வாங்கிக்கொள்ளும், பட்டு சும்மா மேலே கிடக்கும். நெயில் பாலிஷ் பட்ட மூலை முதுகுப் பக்கத்து உள் மடிப்பில் போய்விடட்டும். யார் கண்ணுக்கும் படாது.

இப்போது ரவிக்கை. மேல்கை ஒட்டியிருப்பதால் கைக்குழி வெட்டுவதையே மறந்துவிடுங்கள். முன்பக்கம், இரண்டு கை, பின்பக்கம் எல்லாம் ஒரே துண்டு. கையையும் சேர்த்து உடம்பைச் சுற்றிப் போர்த்துகிற மாதிரி. முழங்கை வருமிடத்தில் ஒரு கீறல், அதன் வழியாக முன்கை வெளியே வரும். கையும் மார்பும் சேருகிற பள்ளம் இருக்கிறதல்லவா, அந்த இடத்தில் துணியில் 2 மி.மீ. மடிப்பு ஒன்றை மேலிருந்து கீழாக முன்கூட்டியே தைத்துவிடுங்கள். மடிப்பு பள்ளத்தில் உட்கார்ந்ததும் தனியாகக் கை வைத்துத் தைத்ததுபோலவே தெரியும். முதுகில் திறப்பு. பிரஸ் பட்டன் வேண்டாம், துருத்தும். நூலால் இரண்டு காது, ஒரு மெல்லிய நாடா. இதற்குப் பட்டு வேண்டியதில்லை, பச்சை நிறத்தில் மெல்லிய காட்டன் எடுங்கள். அரக்குக்குப் பச்சை எடுப்பாக இருக்கும்.

வெள்ளைத்தாவணி:

ஊதுபத்தி யோசனைக்கு மன்னிக்கவும். எனக்கும் இது புதிதாகத் தெரிந்தது. ராஜாவுக்குப் பஞ்சகச்சம் கட்டப்போகிறீர்களா? மடிப்பு நிற்க நான் ஹேர் ஸ்பிரே அடிப்பேன்.

ஊசிநூல்:

ஹேர் ஸ்பிரேயிலும் பெரும்பாலும் ஆல்கஹால் இருக்கும். செம்மரத்தின்மேல் பட்டால் பழையபடி சிவப்புதான். சாதம் வடித்த கஞ்சியை நீர்க்கக் கலந்து மல் துணியை நனைத்து, பாதி காய்ந்ததும் தட்டின்மேல் மடிப்பு எடுத்து, நூலோட்டம் போட்டு முழுக்கக் காயவிடுங்கள். பிறகு கட்டிவிட்டு நூலை உருவிவிடலாம். கொலு முடிந்ததும் கஞ்சி போகத் துவைத்துத்தான் எடுத்து வைக்க வேண்டும். கஞ்சிக்குத்தான் வெள்ளிமீன் பூச்சி வரும்.

கொலுப்படி:

நாலு நாள் கழித்து எழுதுகிறேன். ரவிக்கை இரண்டாவது தடவையில் உட்கார்ந்தது. முதல் தடவை முழங்கைக் கீறல் அரை செ.மீ. கீழே போய்விட்டது. வேட்டிக் கறை வெளிர் ரோஜா நிறமாகக் குறைந்து நின்றுவிட்டது, அதனால் புது மல் துணி எடுத்தேன்.

பாவாடையை நேற்று இரவு கையாலேயே தைத்தேன். மொத்தமே முப்பத்தொன்பது செ.மீ.தான், ஆனால் மூன்று மணி நேரம் ஆனது. ஜரிகை ஓரத்தில் ஒரு இடத்தில் ஊசி குத்தும்போதே இழை விலகியது. கால்மிஷின் ஐயா சொன்னது ஞாபகம் வந்து, அந்த இடத்தில் பட்டுத்துணியை விட்டுவிட்டு மல்லில் மட்டும் குத்திக் கடந்தேன்.

காலையில் பாட்டியின் மடியில் ராணியை வைத்தேன். பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாததால் விரலால் தடவிப் பார்த்தார். கரையைத் தடவிக்கொண்டே பாவாடைக்குள் கையைவிட்டு, உள்ளே மடித்திருந்த மிச்சக் கரையைத் தொட்டார். "வெட்டலையா?" என்று கேட்டார். இல்லை பாட்டி என்றேன். வெகுநேரம் ராணியைக் கீழே வைக்கவே இல்லை.

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. விஜயதசமி இரவு எங்கள் வீட்டில் மரப்பாச்சிகளைத்தான் படுக்க வைப்போம். அப்போது முதுகுப் பக்க மடிப்பெல்லாம் நசுங்கிவிடுமே?

கால்மிஷின்:

படுக்க வைக்கும் முன் மடிப்பின் குறுக்கே, முழங்கால் உயரத்தில், ஒரு நீள நூலோட்டம் போட்டுவிடு. மடிப்பு கலையாமல் படிந்தே கிடக்கும். மறுநாள் துணியைக் கழற்றி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வை. பிளாஸ்டிக் பையில் போடாதே. அடுத்த வருடம் உடுத்திவிட்டு அந்த நூலை உருவிக்கொள். பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல் அம்மா.