கிராங்க் கீ தேய்ந்த ரோட்ஸ்டர்: ஒட்டி ஓட்டலாமா, எஞ்சினை மாற்றணுமா?

ஹட்டன் ரோட்ஸ்டர்:
மஸ்டாவின் 1990 யூனோஸ் ரோட்ஸ்டர், 1.6 லீட்டர் எஞ்சின், அப்பா வாங்கிய கார். போன மாதம் டைமிங் பெல்ட் (எஞ்சினின் பிரதான சுழல்தண்டான கிராங்கிலிருந்து வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுக்கு ஓடும் பல் பெல்ட்), வாட்டர் பம்ப், டென்ஷனர் எல்லாம் ஒரு கராஜில் கொடுத்து மாற்றினேன். மூன்று வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் கினிகத்தேனை ஏற்றத்தில் இழுவையே இல்லை, பின்னால் வந்த தனியார் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனது. பிளக் மாற்றினேன், வயர் மாற்றினேன், பெட்ரோல் ஃபில்டர் மாற்றினேன், எதுவும் சரிவரவில்லை. பிளக்கின் நெருப்பு நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் அடித்தால் குறி 10 பாகையிலேயே நிற்கிறது, ஆனால் லேசாக நடுங்குகிறது. ஐடிலில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் கிராங்க் முனையில் இருக்கும் புல்லியின் விளிம்பு வட்டமாகச் சுற்றாமல் முன்னும் பின்னும் ஆடுவது தெரிந்தது.

நேற்றுக் கழற்றினேன். நடு போல்ட் ஒரு கை இழுப்பிலேயே வந்துவிட்டது. உள்ளே செங்கல் பொடி மாதிரி சிவப்புத் தூள். புல்லியைக் கிராங்கோடு பூட்டும் சிறு இரும்புத் துண்டான கீயை விரலில் எடுத்துப் பார்த்தால் நடுவில் படி வெட்டியது போல் இருக்கிறது, நேராகவே இல்லை. கிராங்க் மூக்கில், அதாவது அதன் முன் நுனியில், கீ உட்காரும் பள்ளம் ஒரு பக்கம் அகன்று என் நகம் உள்ளே போகிறது. பசை போட்டு ஒட்டலாம் என்கிறார்கள் சிலர், எஞ்சினையே மாற்று என்கிறார்கள் சிலர். கார் எனக்கு வேண்டும். எது சரி?

நானுஓயா பாஸ்:
தம்பி, முதலில் ஒன்று பாருங்கள். புல்லி உட்காரும் அந்த நடுத் துண்டில் எத்தனை வெட்டு இருக்கிறது? நாலு என்றால் உங்களுடையது குட்டை மூக்குக் கிராங்க், எட்டு என்றால் நீள மூக்கு. மஸ்டா 1991இல்தான் நீள மூக்குக்கு மாறியது. குட்டை மூக்கில் கீ பிடிக்கும் இடம் குறைவு. போல்ட் கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் போதும், கீ பள்ளத்தின் சுவரில் மோதி மோதிச் சாப்பிட்டுவிடும். அந்தச் சிவப்புத் தூள் இரும்பும் இரும்பும் உரசி வந்தது.

டைமிங் லைட் ஏன் ஏமாற்றியது என்றால், புல்லியும் பெல்ட் ஓடும் பல்சக்கரமும் ஒரே கீயில் நிற்கின்றன. கீ தேய்ந்தால் இரண்டும் சேர்ந்தே கிராங்கை விட்டு நழுவும். நெருப்பு நேரத்தைச் சொல்லும் சென்சர் மேலே கேமில் இருக்கிறது, அதுவும் பெல்ட்டோடு சேர்ந்தே பிந்தும். ஆக லைட் 10 என்றுதான் சொல்லும், உண்மையில் எல்லாமே பிந்தியிருக்கும். முதல் சிலிண்டர் பிளக் துளையில் ஒரு நீளக் குச்சியை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது புல்லிக் குறி எங்கே நிற்கிறது என்று பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

எஞ்சினை மாற்றத் தேவையில்லை. மூக்கை எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைத்து, புதுக் கீ, புதுப் பல்சக்கரம், புது போல்ட், இடைவெளியை நிரப்ப லொக்டைட் 660 என்ற பசை. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்கள். உலகம் முழுக்க இந்தக் காருக்குச் செய்யும் வேலை இது.

தலவாக்கலை லான்சர்:
அண்ணே, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு, ஆனால் இதை ஒத்துக்கொள்ள முடியாது. தட்டையான ரோட்டில் ஓடும் காருக்கு அது சரி. இவர் ஹட்டன்காரர், வீட்டை விட்டு வெளியே வந்தாலே ஏற்றம் இறக்கம். பசையை நம்பி இறம்பொடை மலைப் பாதையில் இறங்கச் சொல்கிறீர்களா?

என் லான்சர் எவோவில் 4ஜி63 எஞ்சின். அதில் பெரிய பெல்ட்டுக்குப் பின்னால் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்கு ஒரு குட்டி பெல்ட் இருக்கிறது. பெரியதை மாற்றிய மெக்கானிக் பாஸ் குட்டியை அப்படியே விட்டுவிட்டார், நானும் கேட்கவில்லை. ராதெல்ல மலையேற்றப் போட்டிக்குப் பழகிக்கொண்டிருந்தபோது குட்டி அறுந்து பெரியதுக்குள் சிக்கியது. எட்டு வால்வு வளைந்துவிட்டது. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஹெட்டையே கழற்ற வேண்டி வந்தது. அன்றிலிருந்து பெல்ட் பக்கம் அரைகுறை வேலை எனக்கு ஆகாது.

நானுஓயா பாஸ்:
தம்பி, உங்கள் எஞ்சின் வேறு, அவர் எஞ்சின் வேறு. எவோவில் பெல்ட் போனால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். சுபாரு டபிள்யூஆர்எக்ஸிலும் அப்படித்தான். ரோட்ஸ்டரின் 1.6இல் இடிக்காது. பெல்ட்டே அறுந்தாலும் கார் நிற்கும், அவ்வளவுதான். வேறு பெல்ட் போட்டால் மறுபடி ஓடும்.

தலவாக்கலை லான்சர்:
நிற்கும், சரி. எங்கே நிற்கும்? அதுதான் என் கேள்வி. கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது நின்றால் பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும். பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் எஞ்சின் உறிஞ்சித் தந்த வேக்யூம் மிச்சம் இருப்பது இரண்டு மிதிக்குத்தான் வரும், மூன்றாவது மிதிக்குக் காலால் மரத்தை அமுக்குவது போல் இருக்கும்.

நானுஓயா பாஸ்:
கியரில் இருந்தால் சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்குமே, வேக்யூம் எப்படிப் போகும்?

தலவாக்கலை லான்சர்:
பிஸ்டன் ஓடும் அண்ணே, கேம் ஓடாதே. பெல்ட் போய்விட்டால் வால்வெல்லாம் இருந்த இடத்திலேயே நிற்கும். அப்புறம் வேக்யூம் எங்கிருந்து வரும்?

நானுஓயா பாஸ்:
அது சரி. பெல்ட் அறுந்தாலும் கீ முழுதாக வெட்டுப்பட்டாலும் நீங்கள் சொல்வதுதான் நடக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கீ ஒரே நொடியில் போவதில்லை. இந்தக் கார் எத்தனை நாள் இழுக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது பாருங்கள். காது கொடுத்தால் தெரியும்.

பண்டாரவளை சிவிக்:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நீங்கள் இரண்டு பேரும் பேசாத ஒன்று இருக்கிறது. மலைநாட்டில் கிலோமீட்டரை வைத்து பெல்ட் மாற்றுவதே தப்பு என்பது என் கருத்து. ஜப்பான் கார்களுக்குப் பெரும்பாலும் 100,000 கிலோமீட்டர் என்று சொல்வார்கள். என் சிவிக்கில் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஐந்தாம் கியர் என்றால் மணிக்கு ஏறக்குறைய 85 கிலோமீட்டரில் போகும், இரண்டாம் கியர் என்றால் 35தான். அதிவேகப் பாதையில் ஒரு கிலோமீட்டருக்கு எஞ்சின் 2,100 தரம் சுற்றினால், எல்ல ஊர்ப் பக்கம் மலை ஏறும்போது அதே கிலோமீட்டருக்கு 5,100 தரம் சுற்றுகிறது. இறங்கும்போதும் கியரில்தானே இறங்குகிறோம், அதனால் அப்போதும் அதே கணக்குத்தான். பெல்ட்டுக்கு ஏற்றமா இறக்கமா என்று தெரியாது, அதன் வேலை வால்வு ஸ்பிரிங்குகளை அமுக்குவது, எத்தனை தரம் அமுக்கியது என்பதுதான் கணக்கு. முழுக்க மலையிலேயே ஓடும் காருக்கு அந்த 100,000 என்பது 40,000 சொச்சம்.

இதில் மீட்டரைக் குறைத்து வைத்து விற்ற கார்கள் வேறு. அந்த எண்ணை எப்படி நம்புவது?

தலவாக்கலை லான்சர்:
40,000க்கு ஒரு தரம் மாற்றினால் யாருக்குக் கட்டுப்படியாகும் அக்கா? கழற்றிப் பார்த்து வெடிப்பு இல்லையென்றால் ஓட்டலாம்.

பண்டாரவளை சிவிக்:
வெடிப்பைப் பார்ப்பது பழைய ரப்பருக்குச் சரி. இப்போது வரும் பெல்ட்டுகளில் முதுகு புதிது போல் பளபளவென்று இருக்கும், பல்லின் அடி மட்டும் பிரிந்திருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது தம்பி. கேம் சீலில் ஒழுகும் எண்ணெய் பட்டால் இன்னும் சீக்கிரம் போகும். நான் ஐந்து வருடத்துக்கு ஒரு தரம், எண் எதுவாக இருந்தாலும். செலவு கசக்கிறதுதான். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் திறந்தது, இந்தப் பழைய காரை விட்டால் என் கைக்கு எட்டும் விலையில் இன்னொன்று இல்லை.

ஹட்டன் ரோட்ஸ்டருக்கு ஒரு கேள்வி. போல்ட்டை எத்தனைக்கு இறுக்கினார்கள்?

ஹட்டன் ரோட்ஸ்டர்:
ஏர் கன்னால் 'டர்' என்று ஒரு அடி, அவ்வளவுதான். அளந்து இறுக்கும் டோர்க் ரென்ச் எடுத்ததையே நான் பார்க்கவில்லை. வெட்டு நாலுதான், குட்டை மூக்கு. பாஸ் அண்ணன் சொன்ன குச்சி வைத்தியம் பழைய கீயைத் திரும்பப் போட்டுச் செய்து பார்த்தேன், பிஸ்டன் உச்சிக்கு வந்தபோது குறி நன்றாகவே தள்ளி நிற்கிறது.

பண்டாரவளை சிவிக்:
அப்படியென்றால் கார் கெட்டுப்போகவில்லை, கெடுத்திருக்கிறார்கள். உங்கள் குட்டை மூக்குக்கு 108 முதல் 118 நியூட்டன் மீட்டர். என் சிவிக்கின் பி16 எஞ்சினுக்கு 177. ஏர் கன் அடித்த அடிக்குக் கணக்கே கிடையாது, ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும்.

நானுஓயா பாஸ்:
இதில் அக்கா சொல்வதுதான் சரி. என் தொழில்காரர்கள் செய்த பிழை, எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த போல்ட்டைக் கையால்தான் இறுக்க வேண்டும், அளவு பார்த்துத்தான் இறுக்க வேண்டும்.

தலவாக்கலை லான்சர்:
சரி, யார் பிழையோ, பள்ளம் அகன்றது அகன்றதுதான். நான் இப்போதும் சொல்கிறேன், கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் நீள மூக்கு எஞ்சின் ஒன்று தேடு.

நானுஓயா பாஸ்:
அங்கே கிடைக்கும் எஞ்சினுக்கு என்ன வயது, யார் அதன் போல்ட்டை இறுக்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? எஞ்சின் நம்பர் மாறினால் பதிவிலும் மாற்ற வேண்டும், அதற்கு ஒரு அலைச்சல். நகம் மட்டும் போகும் பள்ளமென்றால் ஒட்டலாம். கீயைப் பள்ளத்தில் வைத்து விரலால் ஆட்டும்போது கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆடினால் நானே வேண்டாம் என்பேன். என் எல்லை அதுதான்.

ஹட்டன் ரோட்ஸ்டர்:
எல்லோரும் சொன்னதைப் படித்துவிட்டு இன்று காலை புதுக் கீயை வைத்துப் பார்த்தேன். விரலுக்கு லேசாகத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. ஒட்டப் போகிறேன். போல்ட்டை 115க்கு நானே இறுக்குவேன், டோர்க் ரென்ச் கம்பளையில் நண்பரிடம் வாங்கியாயிற்று. போல்ட் தலை, புல்லி இரண்டையும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வைப்பேன். முதல் மாதம் டவுனைச் சுற்றி மட்டும் ஓட்டிவிட்டுக் குச்சி வைத்து மறுபடி பார்க்கிறேன், இறம்பொடைப் பக்கம் அதுவரை போவதில்லை. லான்சர் அண்ணே, அந்த நீள மூக்கு எஞ்சின் ஏதாவது கண்ணில் பட்டால் விலை மட்டும் கேட்டு வையுங்கள்.

தலவாக்கலை லான்சர்:
கேட்டு வைக்கிறேன். இறங்கும்போது கை பிரேக்கை ஒரு தரம் சோதித்துவிட்டு இறங்கு.