பள்ளியில் தாய்மொழி பேசி மாட்டிக்கொண்ட கதைகள்: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

கடைசிபெஞ்சு:
ஆங்கில வழிப் பள்ளி. அந்த அட்டை உங்கள் பள்ளியிலும் இருந்திருக்கும், கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டுவார்களே, அதுதான். தமிழ் பேசிப் பிடிபட்டால் அட்டை உங்களுக்கு. கழற்ற ஒரே வழி, தமிழ் பேசும் இன்னொரு பிள்ளையைப் பிடித்து அதன் கழுத்தில் மாட்டுவது. கடைசி மணி அடிக்கும்போது யாரிடம் இருக்கிறதோ அவருக்கு அபராதம்.

அக்கா எனக்கு மேல் வகுப்பு. மதிய இடைவேளையில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வந்தாள். "சாப்பிட்டியாடா?" என்றாள். "ம், சாப்பிட்டேன்" என்றேன். முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த அட்டையை எடுத்து என் கழுத்தில் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். அவளும் தமிழில்தான் கேட்டாள், ஆனால் ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவருக்கு அதனால் புதிதாக நஷ்டமில்லை. அபராதம் எவ்வளவு என்பதுகூட மறந்துவிட்டது. ஓடும்போது திரும்பிப் பார்த்தாள் பாருங்கள், தப்பித்துவிட்ட முகம், அதுதான் போகமாட்டேன் என்கிறது.

கென்யாவிலும் இதே வழக்கம் இருந்ததாகப் பின்னால் படித்தேன். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மேற்கு ஆப்பிரிக்காவில் இதை 'சிம்போல்' என்பார்களாம். 19ஆம் நூற்றாண்டில், பிரிட்டனுக்குள்ளேயே இருக்கும் வேல்ஸில், வெல்ஷ் மொழி பேசிய பிள்ளைகளுக்கே மரத்துண்டு மாட்டியிருக்கிறார்கள். அங்கேயும் அடுத்த பிள்ளையிடம் தள்ளிவிடும் இதே விதிதான். யார் யாரிடம் கற்றுக்கொண்டார்களோ.

சாக்பீஸ்:
அட்டை இல்லாமலே வாயை அடைக்கலாம். தான்சானியாவில் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுத்திருக்கிறேன். அங்கே தொடக்கக் கல்வி முழுக்க சுவாஹிலி. அடுத்த படி ஏறிய அன்றே எல்லாப் பாடமும் ஆங்கிலம். அதிபர் நியெரேரே 1967இல் சுயசார்புக் கல்வி என்று அறிவித்தபோது சுவாஹிலிக்கு நல்ல காலம் என்றார்கள். தொடக்கப் பள்ளியோடு நின்றுவிட்டது.

வகுப்பில் ஆசிரியர் "எவாப்பொ..." என்று நிறுத்துவார். மொத்த வகுப்பும் "...ரேஷன்!" என்று முடிக்கும், ஆவியாதல்தான். வராந்தாவில் நின்று கேட்பவருக்கு அருமையான வகுப்பு. தாள் திருத்தும்போதுதான் விஷயம் தெரியும். ஒரு மாணவி ஒவ்வொரு கேள்விக்கும் விடையாக அந்தக் கேள்வியையே எழுதியிருந்தாள். அச்சடித்த மாதிரி கையெழுத்து. கேள்விக்குறியைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றின் கீழும் அடிக்கோல் வைத்துக் கோடு. பக்கத்து ஆசிரியர் எட்டிப் பார்த்து, "இது வருஷா வருஷம் வரும்" என்றார்.

அவரையே வைத்து அந்தப் பெண்ணிடம் சுவாஹிலியில் கேட்கச் சொன்னேன். ஈரத்துணி வெயிலில் ஏன் சீக்கிரம் காய்கிறது, காற்றடித்தால் ஏன் இன்னும் சீக்கிரம்? படபடவென்று சொன்னாள். நாங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள், மழைக்காலத்தில் காற்று இருந்தும் ஏன் காய்வதில்லை என்று.

பேரன்:
எல்லாரும் ஆங்கிலத்தைத் திட்டுகிறீர்கள், சரி. என் தாத்தாவைத் திண்ணைப் பள்ளி இருந்த தெருவுக்குள்ளேயே விடவில்லை. மிஷன் பள்ளியில்தான் முதல்முறையாக பெஞ்சில் உட்கார்ந்தார். கவர்னர் தாமஸ் மன்றோ எடுத்த கணக்கில் 1826இல் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் என்று பெருமையாகச் சொல்வீர்கள். அதில் சேரிப் பிள்ளைகள் எத்தனை பேர் உள்ளே உட்கார்ந்தார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுவீர்கள். 1848இல் புணேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர்களில் ஒருவரான சாவித்ரிபாய் புலே, ஆங்கிலத்தைத் தாய் என்று கவிதையே எழுதியிருக்கிறார். அவருக்கென்ன அடிமைப் புத்தியா?

தாத்தா ஆங்கிலப் பேப்பரைச் சத்தமாகத்தான் படிப்பார். ஒருநாள் எதிர்வீட்டுப் பெரியவர், எங்கள் காதில் விழும்படியே, "இவனுக்கு என்ன புரியுதுன்னு இந்தக் கத்து கத்துறான்" என்றார். தாத்தா தலையைத் தூக்கவில்லை. தலையங்கத்தை மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார், இன்னும் சத்தமாக.

கடைசிபெஞ்சு:
பேரன், உங்கள் தாத்தா படித்ததற்கும் என் கழுத்தில் அட்டை மாட்டியதற்கும் என்ன சம்பந்தம்? ஆங்கிலம் வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்?

பேரன்:
நீங்கள் எழுதவில்லை. இந்தப் பேச்சு கடைசியில் எப்போதும் அங்கேதான் போய் நிற்கும், அதனால் முன்கூட்டியே சொன்னேன்.

பழையபேப்பர்:
எனக்கு நடந்தது வேறு. ஒரு பள்ளி ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் மெக்காலேயின் மேற்கோள் என்று ஒன்றை உணர்ச்சி பொங்க வாசித்தார். இந்தியா முழுக்கச் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனைக்கூடப் பார்க்கவில்லை, இவர்கள் முதுகெலும்பை உடைக்க வேண்டும் என்று போகுமே, நாடாளுமன்றத்தில் 1835 பிப்ரவரி 2 அன்று பேசியதாக. அரங்கமே கைதட்டியது. அந்தத் தேதியில் அவர் கல்கத்தாவில் இருந்தார் ஐயா! அன்று அவர் எழுதியது கவர்னர் ஜெனரலின் ஆலோசனைக் குழுவுக்கான குறிப்பு. அடுத்த மாதமே கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அதை ஏற்றுக்கொண்டார்.

பொய் மேற்கோளுக்குத் தேவையே இல்லை. உண்மைக் குறிப்பே போதும். நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஓர் அலமாரி இந்திய, அரேபிய இலக்கியம் முழுவதற்கும் ஈடு என்கிறார். இரத்தத்திலும் நிறத்திலும் இந்தியராகவும், ரசனையிலும் கருத்திலும் ஆங்கிலேயராகவும் ஒரு வகுப்பு வேண்டும் என்கிறார். மேடையிலிருந்து இறங்கியவரிடம் தேதியைச் சொன்னேன். "உணர்வுதான் சார் முக்கியம்" என்று கை குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

மானிப்பாயான்:
வெள்ளைக்காரன் அழித்தான் என்பவர்களுக்கும் வெள்ளைக்காரன் தந்தான் என்பவர்களுக்கும் எங்கட ஊர்க் கதை ஒத்துவராது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனறி மருத்துவர் சாமுவேல் கிறீன், 1860களில் மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர். பாடநூல்களையும் தமிழாக்கினார். பட்டணத்தில் உத்தியோகம் வேண்டுமென்றால் ஆங்கிலம்தான் என்று ஆனபிறகு அதைத் தொடர ஆளில்லை.

அந்தக் காலத்துப் புத்தகம் ஒன்றின் படியை ஒரு நூலகத்தில் பெரியப்பாவோடு பார்த்தேன். அவர் மருத்துவர், ஆங்கிலத்தில் படித்தவர். எலும்புக்கூட்டுப் படம், எலும்பு ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பெயர். விரலை வைத்து வைத்துத் தமிழில் வாசித்தார், உடனே லத்தீன் பெயரையும் சொல்லிச் சரிபார்த்தார். நூலகர் வந்து சத்தம் போட வேண்டாம் என்னும் மட்டும் நிறுத்தவில்லை. "இப்படி இருந்திருந்தால் முதலாம் வருஷம் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பேன்" என்றார்.

நலம்விரும்பி:
பள்ளி வாசலில் தமிழில் பேச வேண்டாம் அப்பா என்று என் மகள் ஒருநாள் சொன்னாள். அவ்வளவுதான் என் கதை. ஆனால் இங்கே எழுதும் பெற்றோர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லியே ஆக வேண்டும். முதலில், வீட்டில் அரைகுறை ஆங்கிலம் பேசாதீர்கள். பிள்ளைக்கு எந்த மொழி நன்றாக வருகிறதோ அதில் முதலில் படித்தால்தான் இரண்டாவது மொழியும் நிற்கும். யுனெஸ்கோ இதை 1953லேயே சொல்லிவிட்டது. நைஜீரியாவில் இஃபே நகரில் 1970இல் ஆறு வருடத் தொடக்கக் கல்வியையும் பிள்ளைகளின் தாய்மொழியான யொரூபாவில் நடத்திப் பார்த்தார்கள். ஆங்கிலத்தைத் தனிப் பாடமாக, அதற்கென்று ஆசிரியர் வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் மற்ற பாடங்களில் மட்டுமல்ல, ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. இரண்டாவது, அறிவியல் பாடத்தைப் பிள்ளையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், அப்புறம் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது, ஒரு நோட்டில் இரண்டு மொழியிலும் கலைச்சொல் எழுதி வைக்கலாம். நான்காவது, பள்ளி நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். அரசு மாற்றும் என்று காத்திருக்காதீர்கள். பிலிப்பைன்ஸில் 2012இல் முதல் மூன்று வகுப்புக்குத் தாய்மொழி வழி கொண்டுவந்தார்கள், 2024இல் அந்தக் கட்டாயத்தைச் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். ஐந்தாவது, சாக்பீஸ் சொன்ன மாணவிக்கு நல்ல இருமொழி அகராதி ஒன்று இருந்திருந்தால்...

சாக்பீஸ்:
அங்கே பாடப்புத்தகமே பல பேருக்கு ஒன்று. அகராதி யார் வாங்கித் தருவது? விடைத்தாளை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்ற விதி இருக்கிறவரை நோட்டில் என்ன எழுதி வைத்தும் பிரயோஜனமில்லை.

எஸ்டேட்பையன்:
மலேசியா. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்று ஆரம்பித்தார்களே, அந்தக் காலத்து மாணவன் நான், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. ஆசிரியருக்கு மடிக்கணினி வந்தது, குறுந்தட்டு வந்தது, புரொஜெக்டர் வந்தது. குறுந்தட்டில் ஒரு பெண் குரல் செடியின் பாகங்களைச் சொல்லும், டீச்சர் எங்களோடு சேர்ந்து அதைத் திருப்பிச் சொல்வார். ஒருநாள் மின்சாரம் போய்விட்டது. டீச்சர் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலுக்கு வெளியே இருந்த ரப்பர் மரத்தைக் காட்டித் தமிழில் நடத்தினார். பாதியில் விளக்கு வந்தது. எழுந்து போய் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து தொடர்ந்தார்.

பிறகு அந்தக் கொள்கையையே கைவிட்டார்கள், படிப்படியாகப் பழையபடி ஆனது. தம்பி அறிவியலைத் தமிழில் படித்தான். என் நோட்டுகள் அவனுக்கு உதவவில்லை, அவனுக்குச் சந்தேகம் வந்தால் என்னால் சொல்லித்தர முடியவில்லை. இரண்டு பேரும் படித்தது அதே பள்ளி, அதே டீச்சர். பேரன், பழையபேப்பர், இரண்டு பேரும் மன்றோ, மெக்காலே என்று வெள்ளைக்காரனையே பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள். எங்களுக்கு 1957லேயே சுதந்திரம் வந்துவிட்டது. இது நம்ம ஆட்களே போட்ட உத்தரவு.