டான்டே பெட்டியில் ஹெட்போன் போட்டால் சொந்தக் குரல் தகர டப்பாவுக்குள் கேட்கிறது, என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை_ஒலி:

வணக்கம். கொழும்பில் பாடசாலை கிரிக்கெட் போட்டிகளைத் தமிழில் இணையவழி நேரடியாக ஒலிபரப்பும் சின்னக் குழு நாங்கள். இவ்வளவு காலமும் வர்ணனையாளர் மேசையிலிருந்து மிக்சர் வரைக்கும் எக்ஸ்எல்ஆர் வயரைக் கட்டுக்கட்டாக இழுத்துத்தான் வேலை செய்தோம். போன கிழமை முதல்முறையாக டான்டே (ஒலியை நெட்வேர்க் கேபிளில் அனுப்பும் முறை) வர்ணனையாளர் பெட்டி இரண்டு வாடகைக்கு எடுத்தோம். ஒரே ஒரு கேட்-6 கேபிளில் கரண்ட் வருகிறது, மைக் போகிறது, ஹெட்போனுக்கான சத்தமும் திரும்பி வருகிறது. எனக்குச் சரியான சந்தோசம்.

ஆனால் எங்கள் மூத்த வர்ணனையாளர் முதல் ஓவர் முடியமுதலே ஹெட்போனின் வலது பக்கத்தைக் காதிலிருந்து விலக்கிவிட்டார். "என்ர குரல் தகர டப்பாவுக்குள்ள இருந்து வாற மாதிரி இருக்கு தம்பி, இதைப் போட்டுக்கொண்டு கதைக்கேலாது" என்றார். சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தேன், இன்னும் மோசமானது. பதிவைப் போட்டுக் கேட்டால் அவர் குரல் அருமையாக இருக்கிறது! லேட்டன்சியை, அதாவது சத்தம் போய்ச்சேரும் தாமதத்தை, 1 மில்லிசெக்கனில்தான் வைத்திருக்கிறேன். அதோடு இடைக்கிடை 'டிக்' என்று ஒரு வெட்டு விழுகிறது, அது பதிவிலும் இருக்கிறது. ஸ்விட்ச், கேபிளிலேயே கரண்டும் கொடுக்கும் சாதாரண கிகாபிட் பிஓஇ ஸ்விட்ச். அடுத்த போட்டி சனிக்கிழமை, யாராவது உதவுங்கள்.

கொட்டாஞ்சேனை_மிக்சர்:

தம்பி, அவருடைய குரலை மிக்சருக்குக் கொண்டுபோய் அங்கிருந்து அவர் காதுக்கே திருப்பி அனுப்புகிறீர்கள் போல. 1 மில்லிசெக்கன் என்பது ஒரு வழிக்குத்தான். போக ஒன்று, வர ஒன்று, மிக்சர் எடுக்கும் நேரம், பெட்டியில் அனலாக்கை டிஜிட்டலாக்கித் திரும்ப அனலாக்காக்கும் நேரம் எல்லாம் சேர்ந்தால் 4 மில்லிசெக்கன் சும்மா வந்துவிடும். காற்றில் சத்தம் அந்த நேரத்தில் கிட்டத்தட்ட 1.4 மீட்டர் போகும். அப்படியென்றால், நாலரை அடி தள்ளி நின்று ஒருவர் நம் குரலையே நம்மோடு சேர்த்துச் சொல்வது போலத்தான். எதிரொலியாகப் பிரிந்து கேட்காது. ஆனால் நம் குரல் மண்டை எலும்பு வழியாக ஒரு நொடியும் பிந்தாமல் காதுக்குள் வந்துகொண்டே இருக்கிறதே, அதோடு இது கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். 4 மில்லிசெக்கன் என்றால் 125, 375, 625 ஹெர்ட்ஸ் என்று சீப்புப் பல் மாதிரி வரிசையாக ஓட்டை விழும். குரலின் கனம் எல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. நீங்கள் ஹெட்போனைக் கூட்டியபோது எலும்பு வழியே வரும் சத்தத்துக்கு அது சமமாகியிருக்கும், இரண்டும் சம அளவில் இருக்கும்போதுதான் ஓட்டை மிக ஆழம்.

ஆகவே அவருடைய குரல் மட்டும் இல்லாத மிக்ஸ் ஒன்றை, மிக்ஸ்-மைனஸ், அவருக்கு அனுப்புங்கள். பக்கத்தில் இருப்பவரின் குரல், மைதானச் சத்தம், டைரக்டர் எல்லாம் அதில் இருக்கட்டும். பக்கத்தவருக்கும் இப்படியே தனியாக ஒன்று, ஆளுக்கொரு மிக்ஸ். சொந்தக் குரலைப் பெட்டிக்குள்ளேயே இருக்கும் சைட்டோனில் கொடுங்கள். அது நெட்வேர்க்குக்குப் போகாமலே காதுக்கு வரும். அப்போதும் குரல் மெலிந்து கேட்டால் ஹெட்போன் பக்கம் பொலாரிட்டியை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) மாற்றிப் பாருங்கள், சிலருக்கு அதிலேயே குரல் நிறைந்துவிடும்.

ஸ்விட்ச்_தம்பி:

அந்த 'டிக்' சத்தத்துக்கு நான் முதலில் ஸ்விட்சைத்தான் பார்ப்பேன். மின்சாரம் சேமிக்கும் கிரீன் ஈதர்நெட் வசதி இருந்தால் உடனே நிறுத்துங்கள். போக்குவரத்துக் குறைவாக இருக்கும்போது அது போர்ட்டைத் தூங்க வைத்து எழுப்பும், பெட்டிகள் நேரம் ஒத்துப்போகும் பிடிபி கடிகாரம் அதில் குழம்பும். மெனுவே இல்லாத மலிவு ஸ்விட்ச்களில் இதை நிறுத்தவே முடியாது, அப்படியானால் அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய மேனேஜ்ட் ஸ்விட்ச் ஒன்று தேடுங்கள். அதில் எந்தத் தரவு முதலில் போகவேண்டும் என்று சொல்லும் கியூஓஎஸ்ஸில், கடிகாரத்துக்கு டிஎஸ்சிபி (தரவில் இருக்கும் முன்னுரிமை எண்) 56, ஒலிக்கு 46 என்று முன்னுரிமை கொடுங்கள். ஸ்ட்ரீமிங் லேப்டொப்பை அதே ஸ்விட்சில் குத்தியிருந்தால் அதையும் பிரியுங்கள். டான்டே கன்ட்ரோலர் மென்பொருளில் கடிகார நிலையும் லேட்டன்சி வரைபடமும் இருக்கும், போட்டிக்கு முதல் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, செம்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகாது. மைதானத்தைச் சுற்றி இழுப்பதென்றால் அந்தத் தூரம் தெரியாமலே தாண்டிவிடும், ஃபைபர்தான் வழி.

பழைய_அறிவிப்பாளர்:

நான் மைக்குக்கு முன்னால் இருந்தவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காவிட்டால் மனிதர் தன்னையறியாமல் கத்தத் தொடங்குவார், நாலாவது மணித்தியாலம் தொண்டை போய்விடும். நேரலையில் ஹெட்போனை விலக்கினார் என்றால் அது சின்ன விசயமில்லை, தயவுசெய்து அவரைக் குறை நினைக்காதீர்கள்.

டைரக்டரின் குரலை ஒரு காதுக்கு மட்டும் கொடுங்கள், அதையும் எந்தக் காதில் வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். பக்கத்து மேசையில் சிங்கள வர்ணனை நடந்தால் மூடிய வகை ஹெட்போன் கட்டாயம். இருமும்போது மைக்கை நிறுத்தும் கொஃப் பட்டனை எங்கே அமத்துவது என்று தொட்டுப் பார்த்துப் பழக விடுங்கள், பந்து வீசும் நேரத்தில் யாரும் குனிந்து பட்டன் தேடமாட்டார்கள். சத்தத்தையும் கவனியுங்கள், 85 டெசிபலில் 8 மணித்தியாலம் தாங்கும் காது 88இல் 4 மணித்தியாலம்தான் தாங்கும்.

வெள்ளவத்தை_ஒலி:

எல்லாருக்கும் பெரிய நன்றி. நேற்றிரவு வீட்டில் பெட்டியை வைத்துப் பார்த்தேன். திரும்பி வரும் என் குரலை வெட்டிவிட்டு சைட்டோனை மெல்லமாகத் திருகியபோது, டப்பா அப்படியே போய்விட்டது! பொலாரிட்டி மாற்றினால் எனக்குக் கூடாது, அவருக்கு எப்படியோ, சனிக்கிழமை நேரத்தோடு வரச் சொல்லியிருக்கிறேன். என் ஸ்விட்சில் மெனுவே இல்லை. தெரிந்த ஒருவரிடம் மேனேஜ்ட் ஸ்விட்ச் இரவல் கேட்டிருக்கிறேன், கிடைத்ததும் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு வரைபடத்தை இங்கே போடுகிறேன்.