காது மெஷின் போட்டிருக்கும் மகள் தரம் 10இல் சங்கீதம் எடுக்கலாமா?

வெள்ளவத்தை அம்மா

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் தரம் 9. கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் படிக்கிறாள். ஐந்து வயதிலிருந்து இரண்டு காதிலும் மெஷின். முன்னால் நின்று கதைத்தால் நன்றாக விளங்கும். பின்னாலிருந்து கூப்பிட்டால், அல்லது ஃபேன் சத்தமும் பிள்ளைகள் சத்தமும் சேர்ந்தால் விளங்காது. மற்றப் பிள்ளைகளோடு சாதாரண வகுப்பில்தான் இருக்கிறாள். கணிதத்தில் நல்ல கெட்டிக்காரி.

இப்போது தரம் 10க்கு அழகியல் பாடம் தெரிவு செய்யும் படிவம் வந்திருக்கிறது. அவளுக்குச் சங்கீதம்தான் வேண்டும். காலையில் நான் தலை இழுத்துவிடும்போது பாட்டு, இரவு கொப்பி அடுக்கும்போது பாட்டு. பகுதித் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "சித்திரம் எடுக்கச் சொல்லுங்கோ, பிள்ளைக்கு லேசு" என்றார். அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஆனால் அதற்கு முதல் நடந்ததையும் நான் எழுதத்தான் வேண்டும்.

போன தவணையில் தமிழ்மொழித் தினப் போட்டிக்குக் குழுப்பாடல் பழக்கினார்கள். மகளையும் எடுத்தார்கள், எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்று கிழமை பாடசாலை முடிந்து நின்று பழகிவிட்டு வந்தாள். பிறகு ஒருநாள் கிளினிக் முடிந்து பொரளையிலிருந்து 154 பஸ்ஸில் வரும்போது கேட்டாள், "அம்மா, வாய் அசைக்கிறதுக்கும் பழக வேணுமா?" என்று. விசாரித்தால், முதல் நாளே அவளைப் பின் வரிசையில் விட்டு, சத்தம் போடாமல் வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று கிழமையும் என் பிள்ளை சத்தமில்லாமல் நின்றிருக்கிறாள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அதிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். காரணம் வரவு போதாதாம். அந்தத் தவணையில் அவள் போகாதது 14 நாள். அதில் 9 நாள் கிளினிக்கும் ஸ்பீச் தெரபியும். கிளினிக் கிழமை நாளில் காலையில்தான். ஆறரைக்குப் போய் நம்பர் எடுத்தாலும் வெளியே வர பதினொன்றாகும். காய்ச்சல் வந்து படுத்த நாளும், காது கேட்பதற்காக ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருந்த நாளும் இடாப்பில் ஒரே கணக்கு.

எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, சங்கீதத்துக்கே உறுதியாக நிற்கட்டா? சாதாரண தரத்தில் செய்முறைப் பரீட்சையும் இருக்கிறது, சுருதி விலகினால் புள்ளி போய்விடுமே என்று பயம். மற்றது, பாட்டுக்கு அடிச்சுரத்தை விடாமல் ஒலிக்கும் சுருதிப் பெட்டியை வீட்டில் போட்டால் கொஞ்ச நேரத்தில் அது "கரைஞ்சு போகுது" என்கிறாள். எனக்கு அப்படியே கேட்கிறது. இது மனப்பிரமையா, காது இன்னும் மோசமாகிறதா? நித்திரை வருகுதில்லை.

தெஹிவளை சங்கீத ரீச்சர்

தங்கச்சி, நான் பாடசாலையில் 26 வருடம் சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். வாயை மட்டும் அசைக்கச் சொன்னதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழும்பி நடந்தேன். சுருதி சேராத பிள்ளையைப் பின்னால் விடுவது எங்களில் பலருக்குப் பழகிப்போன காரியம். செய்ய வேண்டியது நேர் எதிர். முன் வரிசையில், தம்பூராவுக்குப் பக்கத்தில், ஆசிரியையின் வாய் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

என்னிடமும் காது குறைந்த ஒரு பிள்ளை படித்தாள். எல்லோருக்கும் போல மாயாமாளவகௌளை ராகத்தில் முதற் பாடமான சரளி வரிசை தொடங்கினேன். ஸவிலிருந்து ரிக்குப் போகும்போது இரண்டையும் ஒன்றாகவே பாடுவாள். இரண்டு மாதம் நான் அவளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் மூளைக்கு எட்டியது. அந்த ராகத்தில் ஸவுக்கும் ரிக்கும் நடுவில் அரைச் சுரம்தான் இடைவெளி. கவுக்கும் மவுக்கும் அப்படித்தான், நிக்கும் மேல் ஸவுக்கும் அப்படித்தான் என்று நெருக்கமான இடங்கள் அதில் பல. மோகன ராகத்துக்கு மாற்றினேன். ஸ ரி க ப த, எங்கேயும் அரைச் சுர இடைவெளி இல்லை. ஒரு கிழமையில் பிள்ளை படியேறுவது போலப் பாடினாள். காது அதில் நிலைத்த பிறகு மாயாமாளவகௌளைக்குத் திரும்பி வந்தோம்.

இன்னொன்று, பெண் பிள்ளை என்றால் சுருதியின் உயரம் ஐந்தரைக் கட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்காதீர்கள். காது குறைந்த பல பிள்ளைகளுக்கு மேல் ஒலிகள்தான் முதலில் குறைவாகக் கேட்கும். அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கிப் பாருங்கள். நிஜத் தம்பூரா கிடைத்தால் குடத்தில் கையை வைக்கச் சொல்லுங்கள், சுருதி உள்ளங்கையால் ஏறும். பாடத்துக்குச் செய்முறை மட்டுமில்லை, எழுத்துப் பரீட்சையும் இருக்கிறது. தாளக் குறியீடு, ராக இலட்சணம், பாட்டு இயற்றிய வாக்கேயகாரர் வரலாறு எல்லாம் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கஷ்டமே இல்லை.

கரைந்து போவது பற்றி எனக்கு விளங்கவில்லை. மெஷின் தெரிந்த யாராவது சொல்லட்டும்.

கொட்டாஞ்சேனை மிருதங்கம்

அக்கா, அது மனப்பிரமை இல்லை. காது மோசமாகிறது என்றும் உடனே பயப்படாதீர்கள். எனக்கு 22 வயது, நானும் இரண்டு காதிலும் மெஷின் போடுகிறவன், பன்னிரண்டு வயதிலிருந்து மிருதங்கம்.

மெஷின் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. அதன் மைக்கும் ஸ்பீக்கரும் கிட்டக் கிட்ட இருப்பதால் விசில் அடிக்கும், அதை அமுக்க உள்ளே ஒரு ஏற்பாடு இருக்கிறது. நீளமாக ஒரே சுரத்தில் நிற்கும் ஒலி வந்தால் அதையும் விசில் என்று எடுத்து அமுக்கப் பார்க்கும். இன்னொரு ஏற்பாடு, ஃபேன், ஏசி மாதிரி மாறாமல் ஓடும் சத்தத்தை இரைச்சல் என்று குறைக்கும். சுருதிப் பெட்டியின் ஒலி இரண்டிலும் மாட்டும். உங்கள் மகள் சொன்ன "கரைஞ்சு போகுது" அச்சொட்டாக அதுதான். எனக்கு இதைச் சொல்ல ஆளில்லாமல் நாலு வருடம் போனது, நான்தான் கவனமில்லாமல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிளினிக்கில், காதைச் சோதித்து மெஷினைச் சரிசெய்யும் ஒடியோலஜிஸ்டிடம் "இசைக்குத் தனி புரோகிராம் போட்டுத் தாங்கோ" என்று கேளுங்கள். பல மெஷின்களில் அதற்கு இடம் இருக்கிறது. இந்த இரண்டு ஏற்பாட்டையும் குறைத்து, சின்னச் சத்தத்தைக் கூட்டிப் பெரிய சத்தத்தைக் குறைப்பதையும் தளர்த்தி ஒரு புரோகிராம் வைப்பார்கள். பாட்டு வகுப்பில் பட்டனை அமத்தி மாற்றலாம், முடிந்ததும் பேச்சுக்குத் திரும்பலாம். சுருதிப் பெட்டியையும் கையோடு கொண்டுபோய் அங்கேயே போட்டுக் காட்டுங்கள், வாயால் சொன்னால் அவர்களுக்கும் விளங்குவது கஷ்டம். கொழும்பு வெயிலில் வியர்வை போய் மெஷின் மங்குவதும் உண்டு. இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

ஸ்கொட்லாந்தின் ஈவ்லின் கிளெனியைத் தங்கச்சிக்குக் காட்டுங்கள். பன்னிரண்டு வயதளவில் செவிப்புலனை அனேகமாக இழந்தவர், உலகம் முழுவதும் தாள வாத்தியக் கச்சேரி செய்கிறார். அதிர்வை உணர வெறுங்காலோடு மேடையில் நிற்பார். எனக்கு மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், அதாவது இடது பக்கம், தொடையில்தான் முதலில் கேட்கும், காதுக்குப் பிறகுதான்.

மட்டக்குளி அப்பா

வரவு பற்றி மட்டும் சொல்கிறேன். என் மகனுக்கு வலிப்பு, மாதாமாதம் கிளினிக். கிளினிக் கொப்பியில் திகதி போட்டிருக்கும் பக்கங்களைப் பிரதி எடுத்து, ஒவ்வொரு முறையும் மறுநாளே ஒரு கடிதத்தோடு வகுப்பாசிரியைக்குக் கொடுங்கள். தவணை முடிவில் மொத்தமாகக் கொடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது பிரதியில் கையொப்பம் வாங்கி வீட்டில் வையுங்கள். ஸ்பீச் தெரபியைப் பின்நேரத்துக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள், எங்களுக்கு மாற்றித் தந்தார்கள்.

வரவு 80 வீதம் வேண்டும் என்பது உயர்தரத்துக்குப் பாடசாலை மூலம் தோற்றும் பிள்ளைகளுக்குச் சொல்லும் கணக்கு. தரம் 9 பிள்ளையின் பாட்டுக்கு எந்தச் சுற்றறிக்கைப்படி என்று எழுத்தில் கேளுங்கள். இயலாமையுள்ளோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையைக் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. அது அனுமதி பற்றியது, மேடை பற்றி அதில் இல்லை. ஆனால் இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த, இயலாமையுள்ளோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை கலைத்திறனை வளர்க்கும் உரிமையைச் சொல்கிறது. அதிபரிடம் போகும்போது அதைக் குறிப்பிடுங்கள், சண்டை பிடிக்காமல்.

பம்பலப்பிட்டி

நான் வேறு மாதிரி யோசிக்கிறேன், கோபிக்க வேண்டாம். சித்திரத்தில் ஏ எடுத்துக்கொண்டு, சங்கீதத்தை வெளியில் படித்து வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளைத் தரம் தரமாகச் செய்யலாம். ஒவ்வொன்றையும் ஆறுதலாகப் படித்து எழுதலாம், சாதாரண தரப் பெறுபேறும் பாதிக்காது. என் அக்கா மகள் அப்படித்தான் செய்தாள்.

வெள்ளவத்தை அம்மா

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

பம்பலப்பிட்டி சொன்னதை மகளிடம் அப்படியே சொன்னேன், அது நியாயமான யோசனை என்பதால். "எனக்குச் சித்திரம் கீறப் பிடிக்காது அம்மா" என்றாள். அதோடு அந்தக் கதை முடிந்தது.

சுருதிப் பெட்டியோடு மகளைக் கிளினிக்குக் கொண்டுபோனேன். ஒடியோலஜிஸ்ட் பிள்ளை இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "இதை முதலே கொண்டுவந்திருக்கலாமே" என்றாள். இருபது நிமிடத்தில் இரண்டாவது புரோகிராம் போட்டாயிற்று. அன்று பின்னேரம் மகள் அறைக்குள் சுருதியைப் போட்டுவிட்டுப் பாடாமல் சும்மா இருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். "நிக்கவே இல்லை அம்மா, ஓடிக்கொண்டே இருக்கு" என்றாள். ஒன்பது வருடமாக மெஷின் போடுகிற பிள்ளை, ஒரு சுருதியை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

மியூசிக் மிஸ்ஸைத் தனியாகச் சந்தித்து, ரீச்சர் எழுதிய மோகனக் கதையைக் காட்டினேன். வாய் அசைக்கச் சொன்னது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, முகம் மட்டும் மாறியது. இந்தக் கிழமை முன் வரிசையில் இருத்தியிருக்கிறார். பகுதித் தலைவர் இன்னும் யோசித்துச் சொல்கிறேன் என்கிறார். வரவு பற்றிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. திங்கள் அதிபரிடம் போகிறேன்.

படிவத்தில் மகளே சங்கீதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ரீச்சர், ஐந்து கட்டை சரியாக இருக்கிறது, இன்னும் அரைக் கட்டை இறக்கிப் பார்க்கட்டா?