மறு: ‘அரிய நடுக்குவாதம்’ சரிதானா?

வணக்கம்.

> எடிப்பிகல் பார்க்கின்சனிசம் = அரிய நடுக்குவாதம். முடித்துக்கொள்ளலாமா?

கொஞ்சம் பொறுங்கள். பார்க்கின்சன் நோய் போலவே தோன்றினாலும் அதன் வழக்கமான குணத்திலிருந்து விலகி நிற்கும் மூளை நோய்களைத்தான் எடிப்பிகல் பார்க்கின்சனிசம் என்கிறார்கள். அதற்கு நீங்கள் தந்த இரண்டு சொல்லுமே எனக்கு இடிக்கிறது.

முதலில் ‘அரிய’. மக்கள்தொகையை வைத்து எண்ணினால் அரிதுதான். லட்சம் பேரில் பார்க்கின்சன் நோய் 100 முதல் 200 பேருக்கு என்றால், இந்த வகையில் வரும் பி.எஸ்.பி. (ப்ரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி), எம்.எஸ்.ஏ. (மல்டிபிள் சிஸ்டம் அட்ரோபி) என்ற நோய்கள் ஒவ்வொன்றும் பெரும்பாலான கணக்குகளில் 10 பேரைத் தாண்டுவதில்லை. ஆனால் இயக்கக் கோளாறுகளுக்கென்றே இருக்கும் சிறப்புப் பிரிவில் போய் உட்கார்ந்தால் கணக்கு வேறு. மாத்திரைக்கு நன்றாகக் கேட்கிறவர்களில் பலர் பொது நரம்பியல் மருத்துவரிடமே நின்றுவிடுகிறார்கள். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் முக்கிய மருந்தான லெவோடோபாவுக்கு மசியாதவர், தொடக்கத்திலேயே அடிக்கடி விழுகிறவர், இவர்களைத்தான் அங்கே அனுப்புகிறார்கள். சலித்து எடுத்த கூட்டத்தில் இவர்கள் பங்கு கூடத்தானே செய்யும்? போதாததற்கு, முதலில் பார்க்கின்சன் நோய் என்று எழுதியது சில ஆண்டுகளில் பி.எஸ்.பி. என்று மாறுவதும் உண்டு. தினமும் இவர்களைப் பார்க்கிற மருத்துவர் ‘அரிய’ என்று எழுதக் கை வருமா? எடிப்பிகல் சொல்வது எண்ணிக்கையை அல்ல, குணத்தை.

அடுத்து ‘நடுக்குவாதம்’. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் நடுக்கத்தை வைத்துத்தான் பெயரிட்டார். பார்க்கின்சன் நோய்க்கே அது அரைகுறைப் பொருத்தம். பி.எஸ்.பி.யில் நடுக்கம் முக்கிய அறிகுறியே இல்லை. பார்வையைக் கீழே இறக்க முடியாமல் படியில் தடுக்கி விழுகிறார்கள். எம்.எஸ்.ஏ.வில் பலருக்கு எழுந்து நின்றாலே ரத்த அழுத்தம் சரிகிறது. நடுங்காதவருக்கு நடுக்குவாதம் என்றால் வீட்டில் யார் நம்புவார்கள்?

> பார்க்கின்சனியம்?

மார்க்சியம், பெண்ணியம் வரிசையில் போய்ச் சேர்ந்துகொள்ளும். வேண்டாமே.

பார்க்கின்சனிசத்துக்கு ‘பார்க்கின்சன் கூட்டறிகுறி’ போதும். அசைவு மந்தமாவதோடு விறைப்போ நடுக்கமோ சேர்ந்து வருவதைத்தானே சொல்கிறோம்? எடிப்பிகல் வகைக்கு ‘வகைவிலகு பார்க்கின்சன் கூட்டறிகுறி’. ‘வகைபிறழ்’ என்றும் எழுதிப் பார்த்தேன். மனப்பிறழ்வு நினைவுக்கு வந்து நோயாளி பயந்துவிடுவார். அப்புறம், மருந்தால் வருவதையும் மூளை ரத்தக்குழாய் அடைப்பால் வருவதையும் இதில் சேர்க்கக் கூடாது, அவற்றுக்குத் தனிச்சொல் வேண்டும்.

நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அதுவரை விக்சனரியில் ஏற்றாமல் வைத்திருக்கிறேன்.